ஒரு சாயங்காலம் நான் சுகிர்தா

மெதுவா, மெதுவா. அந்த இடம்தான். அங்கன தொட்டாலே உயிர் போகுது. எப்படி அடிபட்டுச்சுன்னா கேக்கீங்க? டான்ஸ் ஆடினேன், டாக்டரம்மா. சிரிக்காதீங்க. கப்பல்ல டான்ஸ் ஆடினேன், அதுவும் ஒரு பொம்பளை கூட. வெளிய பெஞ்சுல என் கைப்பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காகளே, அவுகதான் என் வீட்டுக்காரக. அவுக கூட ஆடலை. அவுக கூட ஆடியிருந்தா முட்டி பிசகியிருக்காது, ஏன்னா அவுக அசையவே மாட்டாக.

மடக்கி மடக்கி நீட்டணுமா? பேசிக்கிட்டே செய்யலாமா? அப்போ சரி. பேசாம செய்யச் சொன்னாத்தான் எனக்குக் கஷ்டம். நான் கதையைச் சொல்லுதேன், நீங்க எண்ணிக்கோங்க.

முதல்ல சுகிர்தா யாருன்னு சொல்லணும். எங்க வீட்டுக்காரக பேரு ஆவுடையப்பன். சிவில் இஞ்சினீயரு. அந்தக் காலத்துல அஞ்சு வருஷப் படிப்பு. கிளாஸ்ல அம்பத்தாறு பயலுக, ஒரே ஒரு பொண்ணு. அந்த ஒண்ணுதான் சுகிர்தா, நாகர்கோவில்காரி. கல்யாணமான புதுசுல ஒரு நாள் குக்கர் மூடியை மாட்டத் தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னேன். எங்க ஊர்ல எங்க வீட்டுல ஏது குக்கரு? இவுக பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "சுகிர்தாவா இருந்தா ஒரு நிமிஷத்துல மாட்டியிருப்பா"ன்னாக. அன்னைக்குத்தான் அந்தப் பேரை முதல்முதலா கேட்டேன்.

அன்னைக்கு ஆரம்பிச்சது. பரண்ல பெட்டியைக் கோணலா வச்சா சுகிர்தா. மகனுக்குக் கணக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தா சுகிர்தா. ஒரு நாள் தோசை கருகிப்போச்சு. "சுகிர்தாவா இருந்தா"ன்னு வாயெடுத்தாக. ஏன், அவளுக்குத் தோசை சுடத் தெரியுமான்னு கேட்டேன். "தோசை சுடத் தெரியுமோ என்னமோ, கல்லு எவ்வளவு சூடுன்னு கணக்குப் போட்டிருப்பா"ன்னாக. இந்த மனுஷனை என்ன செய்ய, சொல்லுங்க!

நிலம் அளக்க மூணு கால் வச்ச ஒரு கருவி உண்டு, தியோடலைட்டுன்னு. அதைப் பிடிக்கவே சுகிர்தாவுக்கு இவுகதான் சொல்லிக் குடுத்தாகளாம். பரீட்சைக்கு முன்னாடி அவ இவுககிட்டதான் சந்தேகம் கேப்பாளாம். இதை எங்க அம்மா கிட்ட சொன்னாக, என் தங்கச்சி மாப்பிள்ளை கிட்ட சொன்னாக, வந்த மருமக கிட்டயும் சொன்னாக. நான் மறைக்கலை, டாக்டரம்மா. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஆனா கண்டதுதான் இல்லை. மூஞ்சி தெரியாத ஒரு பொம்பளையை நாப்பத்தஞ்சு வருஷம் வெறுத்திருக்கேன்.

இவுக படிச்சு முடிச்சு அம்பது வருஷம் ஆச்சுல்லா, அதுக்கு ஒரு விழா. பழைய மாணவர் சங்கம்னு வருஷா வருஷம் கூடுவாக. நான் எல்லாத்துக்கும் போயிருக்கேன். படிச்சவுகளுக்கு நெஞ்சுல மாட்டிக்க நீலப் பட்டை, பேரும் பிரிவும் போட்டு. பொண்டாட்டிமாருக்கு மஞ்சப் பட்டை. என் பட்டையில "திருமதி ஆவுடையப்பன்"னு இருக்கும். என் பேரு வடிவு. ஒரு வருஷம்கூட அந்தப் பேரு அதுல ஏறினது கிடையாது. நாங்க பொம்பளைக ஒரு மேசையில உக்காந்து சர்க்கரை எவ்வளவு, முட்டி எப்படின்னு பேசுவோம். அவுக அந்தப் பக்கம் ஹாஸ்டல் கதை பேசுவாக. மொத்தமே ஏழு கதைதான். வருஷா வருஷம் அதே ஏழு. எனக்கு எல்லாம் மனப்பாடம். எந்த வாத்தியாருக்கு என்ன பட்டப்பேரு, எவன் எந்த ரூம்ல இருந்தான், எல்லாம் தெரியும்.

இந்த வருஷம் சீமைச்சாமின்னு ஒருத்தரு, அவருதான் தலைவரு, பெரிய பதவியில இருந்து ரிட்டையர் ஆனவரு, புதுசா எதாவது செய்யணும்னு கிளம்பிட்டாரு. கொச்சியில ஒரு பழைய கப்பல் நிக்குதாம். வெள்ளைக்காரன் காலத்துக் கப்பலு, பேரு ராணி எலினோர். இப்போ ஓட்டலா ஆக்கிட்டாக. அதுல ராத்திரிச் சாப்பாடு, அது முடிஞ்சதும் இங்கிலீஷ் டான்ஸ். கப்பல்னு பேருதான், ஒரு அடி நகராது. கயிறு போட்டுக் கரையில கட்டி வச்சிருக்காக. எங்க வீட்டுக்காரக மாதிரின்னு வச்சுக்கோங்களேன். வந்தவுகள்ல பாதிப் பேருக்கு முட்டி மாத்தியாச்சு, மீதிப் பேருக்கு ஆஸ்பத்திரியில தேதி குடுத்தாச்சு. இவுகளுக்கு டான்ஸு!

நான் போகப் பிரியப்படலை. அப்போ இவுக போன்ல பேசுதது காதுல விழுந்துச்சு. "என்னது, சுகிர்தா வாராளா?" அம்பது வருஷத்துல ஒரு கூட்டத்துக்கும் வராதவ, இதுக்கு வாரேன்னு எழுதியிருக்காளாம். அன்னைக்கே நான் போய்ப் புதுச்சேலை எடுத்தேன், மயில் கழுத்து நிறத்துல. தலைக்கு டை அடிச்சேன். எனக்கு மத்ததெல்லாம் போச்சு, முடி மட்டும் போகலை. கொண்டையை அவுத்துட்டு இடுப்பு வரைக்கும் சடை பின்னிக்கிட்டேன். "சுகிர்தா சடை"ன்னு இவுக சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன்ல, அவளுக்கும் தெரியட்டும்னுதான். என் வீட்டுக்காரக என்னைப் பாத்துட்டு என்ன சொன்னாக தெரியுமா? "மாத்திரை டப்பாவை எடுத்தியா?"

அந்த மாத்திரை டப்பாதான் எல்லாத்துக்கும் காரணம். கப்பலுக்குப் பக்கத்துல போய் இறங்கினதும் டப்பா கார்லயே இருக்குன்னு இவுக திரும்பிப் போயிட்டாக. நான் பலகை வழியா ஏறி, மேல் தட்டுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணியைப் பாத்துக்கிட்டு நின்னேன். நல்ல காத்து. பின்னாடியிருந்து ஒரு சத்தம், "சுகிர்தா!"

வந்துட்டாளான்னு திரும்பினேன். சீமைச்சாமி தரையைப் பாத்துக் கையைக் கூப்பிக்கிட்டு நிக்காரு. கண்ணு கலங்கியிருக்கு. "முதுகைப் பாத்தே சொல்லிட்டேன் பாத்தீங்களா! அஞ்சு வருஷம் பாத்த சடை, மறக்குமா?"

ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. அந்தப் பொண்ணு முதல் பெஞ்சுல ஒத்தையா உக்காருமாம். பயலுக எல்லாரும் பின்னாடி. அஞ்சு வருஷமும் இவனுக பாத்தது அவ சடையைத்தான். முன்னாடி வந்து மூஞ்சியைப் பாக்க ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை. சரி, அவ மூஞ்சி தெரியலை. என் மூஞ்சி தெரியணும்ல? வருஷா வருஷம் இதே சீமைச்சாமி எனக்கு "வாங்க சிஸ்டர்"னு சொல்லியிருக்காரு. தரையைப் பாத்துக்கிட்டே சொன்னவரு. மஞ்சப் பட்டையைப் பாத்திருப்பாரு, அதுக்கு மேல கண்ணு ஏறினது கிடையாது.

நான் இல்லைன்னு சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமா திறந்தேன். அவரு கையைக் காட்டி, "பேசாதீங்க. அந்தக் குரலைக் கேட்டா எனக்கு அழுகை வந்துரும்"னாரு. அப்புறம் எப்படிப் பேச? மேசையில இருந்து நீலப் பட்டையை எடுத்தாரு. என் கையில குடுக்கலை. மேசை மேலயே வச்சு, ஒத்தை விரலால என் பக்கம் தள்ளிவிட்டாரு. "சுகிர்தா, சிவில்"னு போட்டிருந்துச்சு. நான் அதை எடுத்து மாட்டிக்கிட்டேன். கீழ விழுந்துரக் கூடாதுல்லா.

டாக்டரம்மா, நான் ஒரு பொய் சொல்லலை. அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. அவுகளாத்தான் சொன்னாக. ஒருத்தரு வந்தாரு, "உங்க ரெக்கார்டு நோட்டைப் பாத்து எழுதித்தான் பாஸ் பண்ணினேன், ஞாபகம் இருக்கா?"ன்னாரு. இன்னொருத்தரு, "நான் ஜோக் சொன்னப்போ நீங்க மட்டும்தான் சிரிச்சீங்க"ன்னாரு. ஒரு வழுக்கைத் தலை, "ஒரு தடவை பஸ்ல எனக்கு இடம் பிடிச்சு வச்சீங்க"ன்னாரு. நான் சும்மா சிரிச்சேன். சிரிக்கிறது பொய்யா?

அதுக்குள்ள தியோடலைட் கதை வந்துட்டுது. சர்வே கேம்ப்ல அந்தக் கருவி கிணத்துல விழுந்த கதை. ஏழு கதையில இதுதான் ராஜா. ஒருத்தன் குரங்கு தள்ளிவிட்டுதும்பான், ஒருத்தன் வாத்தியாரே தள்ளினாரும்பான். வருஷா வருஷம் அடிதடி. எனக்கு வாய் நிக்குமா? "குரங்கும் இல்லை, வாத்தியாரும் இல்லை. கயிறு கட்டி இறக்கும்போது அறுந்துல்லா விழுந்துச்சு"ன்னேன். எங்க வீட்டுக்காரக சொல்லுத கதை அப்படித்தான். எல்லாரும் கையைத் தட்டினாக. "சுகிர்தா சொல்லிட்டாங்க, இனிமே பேச்சில்லை!" போன வருஷம் இதே கதையை, இதே மாதிரி, மஞ்சப் பட்டை போட்டுக்கிட்டுத் திருத்தினேன். அப்போ இதே சீமைச்சாமி, "சிஸ்டருக்கு இன்னொரு வடை வைங்கப்பா"ன்னாரு.

நல்லாத்தான் இருந்துச்சு. ஏன் பொய் சொல்லணும்? நான் ஒரு வார்த்தை சொன்னா பத்துப் பேரு காது குடுத்துக் கேட்டாக. எங்க வீட்டுல நான் சொல்லி யாரு கேட்டாக?

அப்போதான் எங்க வீட்டுக்காரக டப்பாவும் கையுமா மேல ஏறி வாராக. சோலி முடிஞ்சுதுன்னு நினைச்சேன். சீமைச்சாமி அவுக கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து, "டேய் ஆவுடை, இது யாரு தெரியுதா? சுகிர்தாடா!"ன்னாரு.

கேளுங்க இப்போ. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. என் புருஷன், நாப்பத்தஞ்சு வருஷம் நான் வடிச்ச சோத்தைத் தின்ன மனுஷன், சுகிர்தான்னு கேட்டதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. காதெல்லாம் செவந்து போச்சு. என் காலைப் பாத்துக்கிட்டு, "வணக்கம்ங்க. சௌக்கியமாங்க?"ன்னாக. நான் வாயைத் திறக்கும் முன்னாடியே, தரையைப் பாத்துக்கிட்டே அடுத்தது சொல்லுதாக, "எங்க வீட்டுக்காரியும் வந்திருக்கா. இங்கனதான் எங்கயாவது நிப்பா." அவ்வளவுதான். விறுவிறுன்னு நடந்து சாப்பாட்டு ஹாலுக்குள்ள போயிட்டாக.

முதல்ல எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு. அப்புறம் கோவம். இந்த மனுஷனா அவளுக்குத் தியோடலைட் சொல்லிக் குடுத்தாக? ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாக! இல்லாத ஒண்ணைக் காட்டித்தானே இத்தனை வருஷம் என்னை மட்டம் தட்டினாக? கடைசியில அழுகைதான் வந்துச்சு. இருட்டுன்னு சொல்லுங்க, அவுகளுக்குக் கண்ணுல ஆபரேஷன்னு சொல்லுங்க. கட்டின பொண்டாட்டி கால்கூடவா தெரியாது? போன மாசம்தான் அந்த விரலுக்கு மெட்டி மாத்தினேன், இவுகளும் கடைக்கு வந்தாக.

அப்படியே கப்பலோட பின்பக்கம் போய் ஒத்தையா நின்னேன். அப்போ பொன்னுரங்கம்னு ஒருத்தரு வந்தாரு. ஒல்லியா, கைத்தடி வச்சுக்கிட்டு. ஒரு விஷயம் சொன்னாரு. அதை விடுங்க, அப்புறம் சொல்லுதேன். இந்தக் காலையுமா நீட்டணும்? இது நல்ல காலும்மா. சரி, நீட்டுதேன்.

சாப்பிடக் கூப்பிட்டாக. பழக்க தோஷத்துல நான் பொண்டாட்டிமாரு மேசைக்குப் போனேன். எப்பவும் நான் உக்காருத மூலையில ஒரு பொம்பளை உக்காந்திருக்கு. வெள்ளை முடி, ஆம்பளை மாதிரி ஒட்ட வெட்டியிருக்கு. பேண்ட்டு, சட்டை. கண்ணாடி. சட்டையில மஞ்சப் பட்டை. பட்டையில என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? "திருமதி ஆவுடையப்பன்."

எனக்கு எப்படி இருக்கும்! இந்தக் குனிஞ்ச தலை மனுஷன் எனக்குத் தெரியாம இன்னொரு குடும்பமும் வச்சிருக்காகளான்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன். பக்கத்துல உக்காந்து, "யாரும்மா நீங்க?"ன்னு கேட்டேன். அந்தம்மா என் நெஞ்சுல கிடந்த நீலப் பட்டையைப் படிச்சாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க.

"சுகிர்தாங்கிறது நான்தான்"னாங்க.

பஸ் கெட்டுப்போய் லேட்டா வந்திருக்காங்க. வாசல்ல சீமைச்சாமி மருமகன் உக்காந்திருந்தானாம். பேரைச் சொன்னதும், "சுகிர்தா மேடம் அப்பவே வந்தாச்சே, நீங்க யாரோட ஒய்ஃப்?"னு கேட்டானாம். மேசையில மிச்சம் கிடந்தது இந்த ஒரு மஞ்சப் பட்டைதான். அதை எடுத்துக் குடுத்துட்டான்.

"நீங்க சண்டை போட்டிருக்கலாம்லா?"ன்னு கேட்டேன்.

"யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுறது? என் முகம் இங்க யாருக்குத் தெரியும்? அஞ்சு வருஷத்துல ஒருத்தன்கூட என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. மத்தியானம் சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்து ரூம்ல தனியா உக்காந்து சாப்பிடுவேன். ஒரு நாள் டிராயிங் கிளாஸ்ல என் பென்சில் கீழ விழுந்து பின்னாடி உருண்டு போச்சு. அங்க இருந்த பையன் எடுத்துக் குடுப்பான்னு பாத்தேன். கால்ல தள்ளிவிட்டான்."

அவங்க சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

"தியோடலைட் பிடிக்க யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டேன். இது தெரியலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

"நானே படிச்சுக்கிட்டேன். என்னை யாரும் கூட்டத்துல சேக்கலையே. இந்தப் பட்டையில இருக்காரே ஆவுடையப்பன், அவர் கட்டின முடிச்சு அவுந்துதான் அந்தக் கருவி கிணத்துல விழுந்துச்சு. நான் தூரத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பாத்தீங்களா டாக்டரம்மா! கயிறு அறுந்துச்சாம்! நாப்பத்தஞ்சு வருஷம் என்கிட்டயும் சொன்ன மனுஷன். எனக்கு அவங்களை அங்கனயே கட்டிப் பிடிக்கணும் போல இருந்துச்சு. அவ்வளவு நாளு வெறுத்த பொம்பளை, ஒரே நிமிஷத்துல எனக்குச் சொந்தக்காரி மாதிரி ஆயிட்டாங்க. "இத்தனை வருஷம் வராதவங்க இப்போ ஏன் வந்தீங்க?"ன்னு கேட்டேன்.

தட்டுல கிடந்த மீனைக் கிளறிக்கிட்டே சொன்னாங்க. "ஆறு அணையில வேலை பாத்திருக்கேன். நான் சொன்னா மதகு திறக்கும், நான் சொன்னா மூடும். இவனுக மட்டும் என்கிட்ட பேசலைங்கிறது உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இப்போ எல்லாம் தாத்தா ஆயாச்சே, இப்பவாவது பேசுவானுகளான்னு பாக்க வந்தேன்."

அவுக பேசினாகதான். சாயங்காலம் முழுக்கப் பேசினாக. எல்லாத்தையும் நான் வாங்கிக்கிட்டேன். அவங்களுக்குன்னு வந்ததுல ஒண்ணு பாக்கி வைக்கலை. நான் என்ன செய்யணும்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே வாத்தியம் ஆரம்பிச்சுட்டுது. சீமைச்சாமி மைக்கைப் பிடிச்சுட்டாரு.

"நம்ம வகுப்போட ஒரே பெண் சிங்கம் சுகிர்தா, இப்போ நடனத்தைத் தொடங்கி வைப்பாங்க! அவங்க கூட ஆட யார் வாரீங்க?"

திரும்பிப் பாக்கேன், அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சு ஷூவைப் பாத்துக்கிட்டு இருக்காக. ரெக்கார்டு நோட்டு வாங்கினவரு, ஜோக் சொன்னவரு, பஸ்ல இடம் கிடைச்ச வழுக்கை, எல்லாரும். பேரன் பேத்தி எடுத்தாச்சு, கொள்ளுப்பேரன் எடுத்தவுககூட உண்டு. ஒரு பொம்பளை கூட ரெண்டு நிமிஷம் நிக்கச் சொன்னா கழுத்து நிமிராது.

எனக்கு ஆத்திரம் தாங்கலை. எந்திரிச்சு, சுகிர்தா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நடுவுல போனேன். போற வழியில எங்க வீட்டுக்காரக உக்காந்திருக்காக, தலை அதே குனிஞ்ச மட்டுக்குத்தான். என் கைப்பையை அவுக மடியில போட்டு, "இந்தாங்க, இதைப் பிடிங்க. கண்ணாடிக்கூடு உள்ள இருக்கு, கவுத்துராதீங்க"ன்னேன்.

அந்தச் சத்தத்துக்கு நிமிந்தாக பாருங்க! நாப்பத்தஞ்சு வருஷமா தினமும் கேட்ட சத்தம்ல. என் மூஞ்சியைப் பாத்தாக, பட்டையைப் பாத்தாக, திரும்ப மூஞ்சியைப் பாத்தாக. "வடிவு, நீயா?"ன்னாக.

"அப்போ சுகிர்தா யாரு?"ன்னு மைக்குலயே கேட்டுட்டாரு சீமைச்சாமி.

நான் நீலப் பட்டையைக் கழட்டினேன். அந்தம்மா சட்டையில கிடந்த என் மஞ்சப் பட்டையைக் கழட்டிட்டு இதை மாட்டிவிட்டேன். "இவுகதான் சுகிர்தா. சடை போச்சு, மூஞ்சி இதுதான். எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க"ன்னேன். பின்னாடியிருந்து அந்த வழுக்கை, "எனக்கு அப்பவே சந்தேகம்"னாரு. சவம், அவரை ஒரு முறை முறைச்சேன், உக்காந்துட்டாரு.

அப்புறம் ஆடினோம். எனக்கு என்ன தெரியும்? அந்தம்மா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி எண்ணிக் காலை எடுத்து வைக்கச் சொன்னாங்க. நல்லாத்தான் வந்துச்சு. கப்பல் நகராதுன்னு சொன்னேன்ல? அன்னைக்கு ஒரே ஒரு தடவை அசைஞ்சுது. பக்கத்துல ஏதோ பெரிய படகு போயிருக்கு, அலை வந்து முட்டிட்டுது. என் முட்டி ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன். அந்தம்மாவையும் பிடிச்சு இழுத்ததுல அவங்க கண்ணாடி தெறிச்சு, சறுக்கிக்கிட்டே போய் எங்க வீட்டுக்காரக காலடியில நின்னுச்சு.

நான் தரையில கிடந்து எல்லாத்தையும் பாக்கேன். இவுக அந்தக் கண்ணாடியைப் பாக்காக. சுகிர்தா கையை நீட்டிக்கிட்டு நிக்காங்க. இவுக காலு, சத்தியமா சொல்லுதேன் டாக்டரம்மா, இவுக வலது காலு மெல்ல முன்னாடி நகருது!

"காலை எடுங்க!"ன்னு கத்தினேன். வாத்தியம் நின்னுபோச்சு. "குனிஞ்சு எடுங்க! எடுத்துக் கையில குடுங்க! மூஞ்சியைப் பாத்துக் குடுங்க!"

இவுக குனிஞ்சாக. முட்டி ரெண்டும் கடகடங்குது. எடுத்தாக. சட்டை நுனியில துடைச்சாக. நாலு எட்டு நடந்து போய், அந்தம்மா கையில வச்சாக. அப்புறம் தலையை நிமித்தி, அம்பது வருஷத்துல முதல் தடவையா அந்த மூஞ்சியைப் பாத்தாக. வாயி கோணுது. "அன்னைக்கு அந்தப் பென்சிலு..."ன்னாக. "கால்ல தள்ளினது நான்தாங்க."

சுகிர்தா கண்ணாடியை மாட்டிக்கிட்டு இவுகளை மேலயும் கீழயும் பாத்தாங்க. "நீங்கதானா அது? முனை ஒடைஞ்சு போச்சு, தெரியுமா?"ன்னாங்க.

ரெண்டு பேரும் சிரிச்சாக. அதுக்குப் பிறகு ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வந்தாக. முதல்ல சீமைச்சாமி, அப்புறம் மத்தவுக. அந்தம்மாவைச் சுத்தி ஒரே கூட்டம். எந்த அணை, எந்த ஊருன்னு கேள்வி மேல கேள்வி. ஐஸ்கிரீம் எல்லாம் உருகி ஓடிச்சு. எங்க வீட்டுக்காரக முடிச்சு எப்படி அவுந்துச்சுன்னு அந்தம்மாவுக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கம் சொல்லுதாக. நான் முட்டியைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில கிடக்கேன். ஓட்டல்காரப் பொண்ணுதான் ஐஸ் கொண்டுவந்து வச்சுது. மனுஷன் திரும்பிப் பாக்கணும்ல!

இப்போ சுகிர்தா எனக்குத்தான் சிநேகிதி. தினமும் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுதாங்க. குக்கர் மூடி மாட்ட அவங்களுக்கும் தெரியாதாம், கேட்டுட்டேன். அவங்க வீட்டுல இட்லிப்பானைதானாம். இவுக இப்போ "சுகிர்தாவா இருந்தா"ன்னு ஆரம்பிக்கிறதே இல்லை. ஆரம்பிச்சா நான் போனை எடுத்துருவேன்னு பயம்.

பொன்னுரங்கமா? ஆமா, சொல்லுதேன்னு சொன்னேன்ல. கதவு சாத்தித்தானே இருக்கு? அவரு வந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "உங்க சடையைப் பாத்துக்கிட்டேதான் அஞ்சு வருஷமும் படிச்சேன்"னாரு. "நீங்க வராத நாள்ல எனக்குக் கிளாஸ்ல உக்கார முடியாது. இதைச் சொல்லாம செத்துரக் கூடாதுன்னு இருந்தேன். சொல்லிட்டேன்." எனக்கு இந்த வயசுல உடம்பெல்லாம் என்னமோ ஆயிப்போச்சு. சடையை முன்னாடி எடுத்துப் போட்டுக்கிட்டேன். எதுக்குன்னு எனக்கே தெரியலை.

குட்டு உடைஞ்ச பிறகு அவரு அந்தக் கூட்டத்துல சேரலை. ஐஸ் வச்சுக்கிட்டுக் கிடந்த என்கிட்ட வந்து, "இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லைம்மா. நீங்களே அவங்ககிட்ட சொல்லிருங்க"ன்னு கேட்டுக்கிட்டாரு. சரின்னேன்.

இன்னும் சொல்லலை. சுகிர்தா தினமும் பேசுதாங்க. தினமும் நாக்கு நுனி வரைக்கும் வருது, முழுங்கிக்கிடுதேன். பட்டையைத் திருப்பிக் குடுத்தேன். பேரைக் குடுத்தேன். அத்தனை கூட்டத்தையும் அவங்க பக்கம் திருப்பிவிட்டேன். முட்டியும் போச்சு. இது ஒண்ணு என்கிட்ட இருந்துட்டுப் போகட்டுமே. அவங்களுக்குச் சொன்னதுதான், நான் இல்லைங்கலை. ஆனா அவ்வளவு பேருல அவரு ஒருத்தருதான் டாக்டரம்மா, தரையைப் பாக்காம, என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னாரு.